ஜே.கே.க்கு முந்திய ஒன்றரை ஆண்டு: ஸ்காபரோவில் சின்னப் பிள்ளை ஆங்கிலம் பழக எந்த வழி?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பிள்ளைக்கு எந்த ஆண்டில் நான்கு வயது நிறைகிறதோ அந்த ஆண்டின் செப்ரெம்பரிலேயே பாலர் வகுப்பின் முதற்படியான ஜே.கே.யில் சேர்த்துவிடலாம். டிசம்பர் 31ஆம் திகதி பிறந்த பிள்ளைக்கும் இது பொருந்துவதால், மூன்று வயதும் எட்டு மாதமுமான பிள்ளைகளும் முதுகுப் பையோடு வகுப்புக்குப் போவதை இங்கே சாதாரணமாகக் காணலாம். சட்டப்படி ஆறு வயதில்தான் பள்ளி கட்டாயம் என்றாலும், 2010இல் தொடங்கி 2014க்குள் மாகாணம் முழுவதும் வந்துவிட்ட முழுநாள் பாலர் வகுப்பை வேண்டாம் என்று சொல்லும் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ இரண்டரை வயதுப் பிள்ளையோடு ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்திறங்கும் பெற்றோரின் கையில் இருப்பது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம். இங்கேயே பிறந்து அம்மம்மாவின் மடியில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையின் நிலைமையும் இதுதான். அந்தக் காலத்தைப் பயன்படுத்தப் பல பொது ஏற்பாடுகள் உள்ளன. அவற்றுள் எது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

முதலில் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். குடிவரவாளர் பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ், ஆங்கிலத்தில் கதைப்பதையும் ஆங்கிலத்தில் பாடம் படிப்பதையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். சக பிள்ளைகளோடு சரளமாகக் கதைக்கும் ஆற்றல் இரண்டு ஆண்டளவில் வந்துவிடுகிறது. பாடநூலின் மொழியில் வகுப்புத் தோழர்களை எட்டிப்பிடிக்க ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்கின்றன. அப்படியானால் ஜே.கே.க்கு முந்திய ஒன்றரை ஆண்டில் எந்த நிலையமும் ஒரு பிள்ளையை ‘ஆங்கிலப் பிள்ளை’ ஆக்கிவிட முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. ஆங்கில ஒலிக்குக் காது பழகுதல், கழிப்பறை, தண்ணீர், நோவு, ‘என் முறை’ என்பன போன்ற அன்றாடத் தேவைகளைச் சொல்லத் தெரிதல், அறிமுகமற்ற ஒரு பெரியவரை நம்பி அவர் அருகே உட்காரப் பழகுதல் ஆகிய மூன்றும் கைகூடினால் போதும் என்பது என் கணிப்பு. மூன்றாவதை நம் பெற்றோர் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஜே.கே.யின் முதல் மாதத்தில் வாசலில் நின்று அழும் பிள்ளைகளைப் பார்த்தால், ஆங்கிலம் தெரியாமல் அழுபவர்களைவிடத் தாயைப் பிரிந்து பழக்கமில்லாமல் அழுபவர்களே அதிகம்.

ஒரு வழியை இப்போதே ஒதுக்கிவிடலாம். கைபேசியிலும் ரீவியிலும் ஆங்கிலப் பாட்டுகளைப் போட்டுவிட்டால் பிள்ளை தானாகப் பழகிவிடும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே வலுவாக இருக்கிறது. சியாட்டிலில் பற்றிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கவைத்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். நேரில் ஒருவர் உட்கார்ந்து கதைத்து விளையாடிய குழந்தைகள் அம்மொழியின் ஒலிவேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே நபரை அதே அளவு நேரம் காணொளியில் மட்டும் பார்த்த குழந்தைகளிடம் எந்த மாற்றமும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை திரையிலிருந்து நிறங்களின் பெயரையும் எண்களையும் ஒப்பிக்கக் கற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பத்து வரை ஆங்கிலத்தில் எண்ணத் தெரிந்த பிள்ளைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் இருப்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே ஒவ்வோர் ஏற்பாட்டையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, அங்கே என் பிள்ளையோடு யார் கதைக்கப்போகிறார், எத்தனை முறை கதைப்பார் என்பதைத்தான். செலவு, இடம் கிடைக்கும் வாய்ப்பு, யாருக்கு எந்த ஆவணம் தேவை, வீட்டுத் தமிழுக்கு என்ன நேரும் என்பன அடுத்து வருகின்றன.

இவற்றுள் அதிகம் பேசவேண்டியது, பெரியவரும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து வந்து விளையாடிப் பழகும் ஏர்லி ஓன் நிலையங்களைப் பற்றி. முன்பு வெவ்வேறு பெயர்களில் இயங்கிவந்த பல குடும்ப நிலையங்களை ஒன்றாக்கி 2018இல் மாகாண அரசு இந்தப் பெயரைச் சூட்டியது. அவற்றுள் ஒரு கிளை, 1981இல் மேரி கோர்டன் ரொறன்ரோவின் பள்ளிக் கட்டடங்களில் தொடங்கிய பெற்றோர் – குடும்ப எழுத்தறிவு நிலையங்கள். பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு முன்பே பெற்றோரைப் பள்ளிக் கட்டடத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்பது அன்றைய சிந்தனை. இன்றும் பல ஏர்லி ஓன் நிலையங்கள் ஆரம்பப் பள்ளியின் ஒரு வகுப்பறையில்தான் இயங்குகின்றன என்பதால், பின்னர் ஜே.கே.க்குப் போகப்போகும் அதே கட்டடத்தின் நடைபாதையும் கழிப்பறையும் பிள்ளைக்கு முன்கூட்டியே பழகிவிடுகின்றன. பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை வரலாம்; கட்டணம் இல்லை; வைத்தியரின் கடிதமோ நிரந்தர வதிவிட (பி.ஆர்.) அட்டையோ தேவையில்லை. ஒரே நிபந்தனை, பிள்ளையைக் கொண்டுவந்தவர் கூடவே இருக்கவேண்டும்.

அந்த நிபந்தனையைப் பலர் குறையாகப் பார்க்கிறார்கள். ‘பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் அதனால் என்ன பயன்?’ என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் ஆங்கிலம் பழகும் நோக்கத்தில் பார்த்தால் அந்த நிபந்தனையே இதன் பலம். தெரிந்த ஒருவரின் மடி பக்கத்தில் இருக்கும்போதுதான் மூன்று வயதுப் பிள்ளை தெரியாத மொழியோடு துணிந்து விளையாடும். ஒரு நிலையத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். இடுப்பளவு உயரத் தொட்டியில் தண்ணீரும் பிளாஸ்ரிக் கோப்பைகளும் இருந்தன. ஒரு பையன் கோப்பையை நிரப்பி, பக்கத்தில் இருந்த பிலிப்பினோ ஆசிரியையிடம் நீட்டி ‘தண்ணி’ என்றான். அவர் முகம் மலர்ந்து ‘யெஸ், வோட்டர்! கோல்ட் வோட்டர்!’ என்று சொல்லிக்கொண்டே அதைத் தன் கையில் ஊற்றவைத்தார். பையன் மறுபடியும் நிரப்பினான். அவர் மறுபடியும் சொன்னார். பின்னால் நாற்காலியில் இருந்த அம்மம்மா, ‘ராசா, இன்னும் வேணுமெண்டால் அவவிட்ட இங்கிலிசில மோர் எண்டு கேளுங்கோ’ என்றார். பையன் கேட்கவில்லை, கோப்பையை மட்டும் இன்னொரு முறை நீட்டினான். ஆசிரியை ‘மோர்?’ என்று கேட்டுவிட்டு அவன் தலையசைப்பதற்காகக் காத்திருந்தார். நல்ல நிலையத்தின் அடையாளம் இந்தக் காத்திருப்புத்தான். பிள்ளையின் தமிழைத் திருத்தாமல், அதற்குரிய ஆங்கிலத்தைச் சொல்லி, பதிலுக்கு நேரம் கொடுப்பவரைக் கண்டால் அந்த நிலையத்தையே பிடித்துக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. திறந்திருக்கும் நேரம் பெரும்பாலும் வார நாட்களின் முற்பகல் என்பதால் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது எட்டாது. வருவோர் நாளுக்கு நாள் மாறுவதால் நிலையான நண்பர்கள் அமைவது கடினம். பனிக்காலத்தில் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தால் ஜனவரியிலேயே போவது நின்றுவிடும். ரொறன்ரோவில் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணம் இல்லை என்பது சிறு ஆறுதல். இன்னொன்றை நாமே சரிசெய்துகொள்ளலாம்: தமிழ்க் குடும்பங்கள் அதிகமுள்ள மால்வேர்ன் போன்ற பகுதிகளில், கூட வந்த அம்மாமாரும் அம்மம்மாமாரும் சுவரோரம் ஒன்றுகூடி ஊர்க்கதை கதைக்க, பிள்ளைகள் தமக்குள் தமிழிலேயே ஓடி விளையாடிவிட்டு வீடு திரும்புவதுண்டு. ஊர்க்கதையின் அருமை எனக்கும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு வேலையும் வீடும் அங்கேதான் அகப்படுகின்றன. ஆனாலும் வட்டமாக உட்கார்ந்து பாடும் இருபது நிமிடமாவது பெரியவரும் நிலத்தில் இறங்கி உட்கார்ந்து பாட்டில் சேர்ந்துகொண்டால்தான் பிள்ளையும் வாய் திறக்கும்.

நூலகத்தின் கதைநேரத்தை இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும். ரொறன்ரோப் பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருப்பதால், ஏர்லி ஓன் இல்லாத இடத்திலும் நடந்து போகும் தூரத்தில் ஒரு கிளை இருக்கக்கூடும். கதைநேரம் என்பது அரை மணி நேரப் பாட்டு, ஒன்றிரண்டு படக்கதை, கை விரல் விளையாட்டு, அவ்வளவுதான். ஒருவர் வாசிக்க இருபது பிள்ளைகள் கேட்கும் அந்த அமைப்பில் தனிப் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு மிகச் சொற்பம் என்பதால், ஆங்கிலம் பழக இதை மட்டும் நம்புவது போதாது. இதன் உண்மையான பயன் கதைநேரம் முடிந்த பிறகு தொடங்குகிறது: வாசித்த அதே புத்தகத்தை இலவச அட்டையில் இரவல் எடுத்து, வீட்டில் அதே படங்களைக் காட்டித் தமிழில் கதை சொல்லலாம். கதை ஏற்கெனவே தமிழில் விளங்கியிருந்தால் அடுத்த வாரம் ஆங்கிலத்தில் கேட்கும்போது பிள்ளை சொற்களை மட்டும் பிடித்தால் போதும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அப்பம்மாவாலும் இதைச் செய்ய முடியும். பிந்தித் திருப்பிக் கொடுத்தாலும் இப்போது தண்டப்பணம் இல்லை.

அடுத்தது டேகெயர். இருவரும் வேலைக்குப் போகவேண்டிய குடும்பத்தில் இது தெரிவு என்பதைவிடக் கட்டாயம். மத்திய அரசும் மாகாணமும் 2022இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் நிலைமை பெரிதும் மாறியது. அதன்கீழ் வந்த கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த, அரசு அனுமதி பெற்ற நிலையங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான கட்டணம் 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் போகாது. மாதத்துக்கு ஏறக்குறைய 460 டொலர் என்று வைத்துக்கொண்டால், முன்பு 1,000 டொலரைத் தாண்டியிருந்த கட்டணத்தோடு ஒப்பிட இது பெரிய இறக்கம். ஆனால் கட்டணம் இறங்கியதும் வரிசை நீண்டுவிட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நகராட்சி தரும் உதவித்தொகைக்கு ஒரு வரிசை, நிலையத்தில் இடத்துக்கு இன்னொரு வரிசை என இரண்டிலும் தனித்தனியாகப் பெயர் பதியவேண்டும் என்பது தெரியாமல், ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். எல்லா நிலையங்களும் அத்திட்டத்தில் சேரவில்லை என்பதால் அதையும் கேட்டு உறுதிசெய்யவேண்டும்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை டேகெயரைப் போல நேரம் தரும் வேறு ஏற்பாடு இல்லை. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரம் ஐந்து நாள், அதே பிள்ளைகள், அதே ஆசிரியைகள். இரண்டரை வயதுக்கு மேற்பட்டவர்களின் அறையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது மாகாண விதி. கைகழுவும் வரிசையும் சாப்பாட்டு மேசையும் நித்திரைப் பாயும் நாள்தோறும் ஒரே சொற்களோடு ஒரே ஒழுங்கில் வருவதால், அந்தச் சொற்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமலே விளங்கத் தொடங்குகின்றன. தொடக்கத்தில் சில வாரங்கள், சில பிள்ளைகளுக்குச் சில மாதங்கள், வாயே திறக்காத ஒரு கட்டம் வரும். வீட்டில் ஓயாமல் கதைக்கும் பிள்ளை அங்கே ஊமைபோல இருப்பதாக ஆசிரியை சொன்னால் பெற்றோர் கலங்கிவிடுகிறார்கள். இரண்டாம் மொழி பழகும் சிறுவர்களில் இது வழமையான ஒன்று; பிள்ளை கேட்டுக்கொண்டும் கவனித்துக்கொண்டும்தான் இருக்கிறது. அதன் பிறகு ‘மை டர்ன்’, ‘ஐ டோன்ட் லைக் இட்’ என்று முழுத் துண்டுகளாக வரும் சொற்றொடர்களை உடைத்துப் புதிய வாக்கியங்கள் செய்ய இன்னும் சில காலம் எடுக்கும்.

டேகெயரின் விலையைத் தமிழ் கொடுக்க நேரலாம். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்துக்குப் போய்விட, களைத்து வீடு திரும்பும் பெற்றோரும் பிள்ளையின் வாயில் வரும் ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லத் தொடங்கினால், ஒரே ஆண்டில் தமிழ் கேட்டால் விளங்கும், கதைக்க வராது என்ற நிலைக்குப் பிள்ளை வந்துவிடும். அமெரிக்காவில் லிலி வோங் பில்மோர் என்ற ஆய்வாளர் குடியேறிய குடும்பங்களை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட கட்டுரையில் எச்சரித்தது இதைத்தான்: ஆங்கிலம் மட்டுமே வழங்கும் பாலர் நிலையங்களுக்கு மிக இளவயதில் போன பிள்ளைகளின் வீடுகளில் பெற்றோரும் பிள்ளையும் மனம்விட்டுக் கதைக்கப் பொதுமொழியே இல்லாமற்போகும் நிலை உருவாகியிருந்தது. இது டேகெயருக்கு எதிரான வாதம் ஆகாது. டேகெயரைத் தேர்பவர்கள் இரவுச் சாப்பாட்டையும் சனி ஞாயிறையும் தமிழுக்கென்று ஒதுக்கிவைக்கவேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

தமிழ்ப் பெண்கள் தம் வீட்டில் நடத்தும் பிள்ளை பராமரிப்பையும் இங்கே சொல்லியாகவேண்டும். சோறும் பருப்பும் ஊட்டி, தமிழில் கதைத்து, வேலை நேரத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் இந்த வீடுகள் ஷிப்ட் வேலைக்குப் போவோருக்கு உயிர்நாடி. ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற முகவர் நிலையத்தின் கீழ் இயங்கும் வீட்டில் ஆறு பிள்ளைகள் வரையும், அனுமதியற்ற வீட்டில் ஐந்து பிள்ளைகள் வரையும் பார்க்கலாம். இரண்டிலும் வயதுக்கேற்ற வேறு வரம்புகளும் உண்டு. ஆங்கிலம் அங்கே பெரிதாகக் கிடைக்காது. தமிழ் நன்றாகக் கிடைக்கும். முற்பகலில் பிள்ளைகளை ஏர்லி ஓனுக்கோ நூலகத்துக்கோ அழைத்துப்போகிறவரா, பகல் முழுதும் ரீவியின் முன் இருத்திவைப்பவரா என்பதைத்தான் பார்க்கவேண்டும். இதைக் கேட்டு அறிவதைவிட, சொல்லாமல் ஒருநாள் பதினொரு மணிக்குப் போய்ப் பார்ப்பது மேல்.

லிங்க் வகுப்பு பெரியவர்களுக்கானது. 1992இல் மத்திய அரசு தொடங்கிய இந்த இலவச ஆங்கில வகுப்புகளில் பி.ஆர். பெற்றவர்களும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளும் சேரலாம். குடியுரிமை எடுத்தவர்களும் அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களும் சேர முடியாது. இவர்கள் மாகாண அரசின் பெரியோர் ஆங்கில வகுப்புகளை நாடலாம். லிங்க் நடக்கும் சில இடங்களில், தாய் வகுப்பில் இருக்கும் நேரத்துக்கு அதே கட்டடத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை உண்டு. அங்கே இருப்பவர்கள் புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு பழகியவர்கள். அழும் பிள்ளையைத் தேற்ற முடியாவிட்டால் தாயைக் கூப்பிட்டுவிடலாம். முதன்முறை பிரிந்திருக்கப் பழகுவதற்கு இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த அறையில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாதவர்கள் என்பதால், சக பிள்ளையிடமிருந்து மொழி பழகும் வாய்ப்பு அங்கே குறைவு. பிள்ளைக்கு ஆங்கிலம் வரட்டும் என்பதற்காக மட்டும் லிங்கைத் தேடுவது வீண். தாய்க்கு ஆங்கிலம் வேண்டும் என்றால் இதைவிடச் சிறந்தது இல்லை. மூன்று ஆண்டு கழித்து ஆசிரியையோடு தொலைபேசியில் கதைக்கப்போகிறவரும் வீட்டுக்கு வரும் கடிதத்தை வாசிக்கப்போகிறவரும் தாய்தான் என்பதால், பிள்ளைக்கும் அதன் நன்மை வந்து சேர்கிறது.

பேரப்பிள்ளையைப் பார்க்கச் சூப்பர் விசாவில் வந்திருக்கும் பாட்டன் பாட்டிமார் வருகையாளராகவே கணிக்கப்படுவதால் அவர்களுக்கு லிங்கில் இடம் இல்லை. ஏர்லி ஓனிலும் நூலகக் கதைநேரத்திலும் அவர்களுக்குத் தடையில்லை. இந்த வேறுபாடு தெரியாமல், ‘எனக்கு எங்கேயும் போகேலாதாம்’ என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் மூத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஹிப்பி என்ற வீட்டுவழித் திட்டத்தைப் பற்றி நம்மவர்களில் சிலருக்கே தெரியும். எருசலேமில் அவிமா லொம்பார்ட் 1969இல் உருவாக்கிய இந்தத் திட்டம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவி, 2000ஆம் ஆண்டளவில் வன்கூவர் வழியாகக் கனடாவுக்கு வந்தது. கிழமைக்கு ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கு வருவார். அவரும் குடியேறி வந்த தாய். பெரும்பாலும் இதே திட்டத்தில் தன் பிள்ளையோடு இருந்தவர். அவர் பிள்ளைக்குப் படிப்பிப்பதில்லை. சமையலறை மேசையில் தாயும் அவரும் உட்கார்ந்து, ஒருவர் தாயாகவும் மற்றவர் பிள்ளையாகவும் நடித்து அந்த வாரப் புத்தகத்தையும் விளையாட்டையும் ஒத்திகை பார்க்கிறார்கள். மீதி நாட்களில் தாய் பதினைந்து இருபது நிமிடம் பிள்ளையோடு அதைச் செய்கிறார். ஆண்டுக்கு முப்பது வாரம் இது தொடர்கிறது. கைக்குழந்தை இருப்பதாலோ, வண்டி இல்லாததாலோ, மனச்சோர்வாலோ வீட்டைவிட்டு வெளியேற முடியாத தாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. பிள்ளைக்குக் கதை சொல்லும் ஆளாகத் தாயே இருப்பதால் ஆங்கிலப் புத்தகம் வந்தாலும் தமிழ் வீட்டைவிட்டுப் போவதில்லை. சில தடைகள் உண்டு: சில அயல்களில் மட்டுமே நடக்கிறது, இடங்களும் குறைவு, பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பும் இதில் இல்லை. நகரத்தின் எந்தப் பகுதியில் நடக்கிறது என்பதை அருகிலுள்ள குடிவரவாளர் சேவை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பணம் கட்டும் ரியூசன் வகுப்புகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மூன்று வயதுப் பிள்ளையை மேசையில் இருத்தி எழுத்துக்கு மேல் எழுத்தாகத் தடம் வரையவைக்கும் வகுப்பில், பிள்ளையோடு யார் கதைக்கிறார் என்ற முதற்கேள்விக்கே பதில் இல்லை. அந்தப் பணத்தை நல்ல பனிச்சப்பாத்துக்கும் குளிரங்கிக்கும் செலவிட்டால், பிள்ளை ஜனவரியிலும் ஏர்லி ஓனுக்குப் போகும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவோம். வீட்டில் பகலில் ஒரு பெரியவர், அது தாயோ தகப்பனோ அம்மம்மாவோ, இருக்கிறார் என்றால் என் தெரிவு ஏர்லி ஓன். வாரத்தில் இரண்டு நாள் போதும், ஆனால் அதே இரண்டு நாள், அதே நிலையம். அதே முகங்களைத் திரும்பத் திரும்பக் காண்பது பிள்ளைக்கு முக்கியம் என்பதால், ஐந்து நிலையங்களைச் சுற்றிப் பார்ப்பதைவிட ஒன்றில் ஊன்றி நிற்பது நல்லது. மூன்றாம் நாளாக நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜே.கே. தொடங்கும் ஆண்டின் தொடக்கத்தில், முடிந்தால், பிள்ளை கூட்டி வந்தவரைப் பிரிந்து சில மணி நேரம் இருக்கும் ஏதேனும் ஒரு பழக்கத்தையும் தொடங்கவேண்டும், ஏனென்றால் ஏர்லி ஓன் தராதது அது ஒன்றே. உறவினர் வீட்டில் அரை நாள் விட்டுவிட்டு வருவதும் அந்தப் பழக்கத்தில் சேரும்.

இருவரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் டேகெயர், அதுவும் வந்த முதல் வாரத்திலேயே பெயர் பதிந்து. இடம் கிடைக்கும் வரை தமிழ் வீட்டுப் பராமரிப்பில் விடுவது பின்னடைவு என்று எண்ணவேண்டாம். அங்கே வளரும் தமிழின் மேல்தான் பின்னால் வரும் ஆங்கிலம் நிற்கப்போகிறது. கதை சொல்லவும் காரணம் கேட்கவும் ஒரு மொழியில் பழகிய பிள்ளை அதை அடுத்த மொழிக்கும் கொண்டுபோகும் என்பதைக் கம்மின்ஸ் தொடங்கிப் பலரும் காட்டியிருக்கிறார்கள். தாய்க்கு பி.ஆர். இருந்து, இப்போதைக்கு வேலைக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டால், பராமரிப்பு அறையுள்ள லிங்க் வகுப்பை ஏர்லி ஓனுக்கும் மேலாக நான் வைப்பேன். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் குடும்பத்துக்கு ஏர்லி ஓனும் நூலகமும் திறந்தே இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குடிவரவு நிலையைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோவின் கல்விச் சட்டமே சொல்கிறது.

எந்த வழியில் போனாலும் வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடும்படி சொல்லும் அறிவுரையை ஏற்கவேண்டாம். முன்பு சில ஆசிரியர்களும் வைத்தியர்களும் அப்படிச் சொன்னதுண்டு. இப்போது அறிந்தவர்கள் சொல்வதில்லை. பெற்றோருக்கு நன்றாக வராத மொழியில் பிள்ளையோடு கதைத்தால் கட்டளைகள்தான் வரும்: வா, இரு, சாப்பிடு, தொடாதே. பகிடியும் கதையும் விளக்கமும் தமிழில்தான் வரும். இரண்டு மொழியையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் பிள்ளை குழம்பிப்போயிருப்பதாக நினைப்பதற்கும் ஆதாரம் இல்லை; இருமொழிப் பிள்ளைகளில் அது இயல்பு.

ஒரே ஒரு நிலையில் மட்டும் இந்த ஒப்பீடு முழுவதையும் ஓரமாக வைத்துவிடவேண்டும். இரண்டரை வயதாகியும் தமிழிலும் சொற்கள் சேர்ந்து வரவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை, முன்பு சொன்ன சொற்களும் மறைந்துவிட்டன என்றால், ஆங்கிலத்துக்கு வழி தேடும் முன் பேச்சு மொழி மதிப்பீட்டுக்குப் போகவேண்டும். இரண்டு மொழி கேட்பதால்தான் பிந்துகிறது என்று சொல்லிக் காத்திருப்பது தவறு. பள்ளிக்கு முந்திய வயதினருக்கு மாகாணம் நடத்தும் இந்தச் சேவை இலவசம். வைத்தியரின் கடிதமின்றிப் பெற்றோரே நேரடியாகப் பெயர் பதியலாம். பள்ளியில் சேர்ந்துவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொண்டு வேறு வரிசை தொடங்கும் என்பதால் தாமதிக்கக்கூடாது.

ஜே.கே. பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கான ஆதாரம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோகவேண்டும். பதியும் நாளிலேயே அந்தப் பள்ளிக்குக் குடிவரவாளர் சேவைப் பணியாளர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். 1999 முதல் ஒன்ராறியோப் பள்ளிகளில் இயங்கிவரும் இந்தப் பணியாளர்களில் தமிழ் கதைப்பவர்களும் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். பள்ளிச் சபைகள் 1977 முதல் நடத்திவரும் தாய்மொழி வகுப்புத் திட்டத்தில் தமிழும் உண்டு, ஜே.கே. வயதுப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறார்களா, சனிக்கிழமையா பள்ளி முடிந்த பின்னேரமா என்பதையும் அதே மேசையில் விசாரித்துவிட்டு வரலாம்.